உயிர் காத்த இடைவெளி

1995ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலைச் சாவுகள் பதிவாயின. அந்நாளில் உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. பத்தாண்டு கழித்து, 2005இல், அது 24ஆக இறங்கியது. அடுத்த பத்தாண்டிலும் இறக்கம் நிற்கவில்லை. உச்சத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்துவிட்டது. இதே காலத்தில்தான் அந்தத் தீவு உள்நாட்டுப் போரின் மிகக் கொடிய ஆண்டுகளைக் கண்டது. ஆழிப்பேரலையில் பல்லாயிரம் பேரை இழந்தது. ஏழை விவசாயியின் கடன் தீர்ந்துவிடவில்லை. மனநல மருத்துவர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்ததும் இல்லை. மனச்சோர்வு நோய் மக்களிடையே அருகிவிட்டது என்று சொல்லவும் சான்று கிடையாது. துயரத்துக்கான காரணங்கள் அப்படியே இருக்க, சாவு மட்டும் எப்படிக் குறைந்தது?

இந்தக் கேள்விக்கு வரலாறு தரும் விடை, நம்மிடையே ஆழ வேரூன்றிய ஒரு நம்பிக்கையை அசைக்கிறது. சாக முடிவெடுத்தவரை யாராலும் தடுக்க முடியாது என்பதே அந்த நம்பிக்கை. மனச்சோர்வில் இருப்பவருக்கு வரும் சாவெண்ணம், ஆற அமர யோசித்து எடுத்த முடிவு என்று நாம் கருதுகிறோம். பெரும்பாலானோர் விஷயத்தில் அது உண்மையில்லை. நோய் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் உயிரைப் பறிக்கும் அந்த உந்துதல் காய்ச்சலைப் போல ஏறி, உச்சம் தொட்டு, தணிகிறது. உச்சத்தில் நிற்கும் மனிதருக்கும் சாவுக்கும் நடுவே ஓர் இடைவெளியை, கொஞ்சம் நேரத்தையோ கொஞ்சம் தூரத்தையோ இன்னொரு மனிதரின் குரலையோ வைக்க முடிந்தால், அவர் பிழைக்கிறார். பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தொடர்ந்து வாழவும் செய்கிறார்கள். தற்கொலைத் தடுப்பின் வரலாறு, இந்த இடைவெளியைச் சமூகங்கள் மெல்ல மெல்லக் கண்டுகொண்ட வரலாறுதான். அதில் இலங்கைக்கும் தமிழகத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

முதலில் வழிமறித்து நின்றது சட்டம். இங்கிலாந்தில் தற்கொலை, ஒருவர் தமக்கே இழைக்கும் கொலைக் குற்றமாகக் கருதப்பட்டது. அப்படி இறந்தவரை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கத்தை 1823இல் தனிச் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். அவருடைய உடைமையை அரசு பறித்துக்கொள்ளும் விதி 1870 வரை இருந்தது. இந்த மனப்பான்மையோடுதான் 1860இல் இந்திய தண்டனைச் சட்டம் எழுதப்பட்டது. அதன் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது. இலங்கையின் தண்டனைச் சட்டமும் அதையே பின்பற்றியது. பிரிட்டன் தன் மண்ணில் 1961இல் அந்தக் குற்றத்தை நீக்கிவிட்டது. அது விட்டுச்சென்ற சட்டமோ நம் நாடுகளில் தொடர்ந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1994இல் ரத்தினம் வழக்கில் 309ஆம் பிரிவு செல்லாது என்றது. 1996இல் கியான் கவுர் வழக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றிப் பிரிவை மீட்டது. சட்ட ஆணையம் 2008இல் அதை நீக்கப் பரிந்துரைத்தது. 2017இல் நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கில் முயல்வது மட்டும் அதில் குற்றமாக எஞ்சியிருக்கிறது.

அந்தச் சட்டத்தின்படி சிறைக்குப் போனவர்கள் சிலரே. அது விளைவித்த தீமை வேறிடத்தில் இருந்தது. உயிருக்குப் போராடுபவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய குடும்பம், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து, நடந்ததை மறைத்தது. தவறுதலாக நேர்ந்துவிட்டது என்றார்கள். தீராத வயிற்றுவலி என்றார்கள். மருத்துவர் உடலைக் காப்பாற்றி அனுப்பினார். மனதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்க இடமும் இல்லை. எண்ணிக்கையும் மறைந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறையினர் கணியம்பாடி ஒன்றியத்தில் ஒவ்வொரு சாவையும் வீடு வீடாகப் போய் விசாரித்துப் பதிவு செய்தார்கள். 1994 முதல் 1999 வரையிலான அந்தப் பதிவில் தற்கொலை விகிதம் ஒரு லட்சத்துக்கு 95 என்று தெரியவந்தது. காவல்துறைக் கணக்கின்படி நாடு முழுவதற்குமான விகிதம் அப்போது 11ஐ ஒட்டியே இருந்தது. அதே ஒன்றியத்தில் 10 முதல் 19 வயது வரையிலான பெண்பிள்ளைகளிடையே விகிதம் 148 என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணுக்குத் தெரியாத சாவுகளை எந்த அரசும் தடுக்க முனைவதில்லை.

தண்டனை பயம் போய்விட்டால் முயற்சிகள் பெருகும் என்று சட்டத்தை ஆதரித்தவர்கள் வாதிட்டார்கள். இலங்கை அந்தக் குற்றத்தை 1998இல் நீக்கியது. அதற்குப் பின்னும் அங்கே தற்கொலை விகிதம் இறங்கிக்கொண்டேதான் வந்தது. வாழ்க்கையே வேண்டாம் என்று நினைக்கும் அளவுக்கு நொந்துபோன ஒருவரை ஓராண்டுச் சிறை அச்சுறுத்தித் தடுக்கும் என்பது, அந்த மனநிலையை அறியாதவர்கள் செய்த கணக்கு. அது தடுத்தது ஒன்றே ஒன்றைத்தான்: உதவி கேட்பதை.

மருத்துவம் அந்த மனநிலையை அறிய முயன்ற கதையும் நேர்கோட்டில் போகவில்லை. 1959இல் அமெரிக்க மருத்துவர் எலி ராபின்ஸும் அவருடைய குழுவினரும், செயின்ட் லூயிஸ் நகரில் தொடர்ச்சியாக நேர்ந்த 134 தற்கொலைச் சாவுகளை, உறவினரையும் நண்பரையும் விரிவாகப் பேட்டி கண்டு ஆராய்ந்து வெளியிட்டார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மனநோய் இருந்தது. அவற்றுள் மனச்சோர்வே முதலிடம் பெற்றது. இன்னொரு செய்தியும் அதில் இருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர், தங்கள் எண்ணத்தை முன்கூட்டியே யாரிடமாவது வெளிப்படுத்தியிருந்தார்கள். வாய்விட்டுச் சொல்பவர் செய்யமாட்டார் என்று ஊரில் சொல்வதுண்டே, அதற்கு நேர் எதிரான சான்று இது. 1970இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மனச்சோர்வு நோயாளிகளில் 15 விழுக்காட்டினர் தற்கொலையால் இறப்பதாகச் சொன்னது. அந்த எண் முப்பது ஆண்டுகள் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. அது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கடும் நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டது. 2000இல் இந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது, மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒருசேர எடுத்தால் சுமார் 2 விழுக்காடு, சேர்க்கப்பட்டவர்களில் 4, தற்கொலை அபாயம் கருதியே சேர்க்கப்பட்டவர்களில் 8க்குச் சற்று மேல் என்று தெரிந்தது.

இந்தத் திருத்தம் மிக முக்கியமானது. மனச்சோர்வு உள்ள ஒவ்வொருவரும் சாவின் விளிம்பில் நிற்பதில்லை. மிகப் பெரும்பாலோர் நோயோடு போராடி வாழ்கிறார்கள், குணமடைகிறார்கள். ஆகவே, யாருக்கு அபாயம் என்பதோடு, எப்போது அபாயம் என்றும் கேட்டாக வேண்டும். மனநல மருத்துவர் ஆரன் பெக் இதற்கு ஒரு விடை தந்தார். சாவெண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 207 பேரைப் பத்தாண்டு வரை தொடர்ந்து கவனித்து அவர் 1985இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வின் கடுமையைவிட நம்பிக்கையிழப்பே தற்கொலையை முன்னறிவித்தது. இனி எதுவும் மாறாது என்ற உறுதிதான் ஆளை விழுங்குகிறது. அந்த உறுதி நோயின் விளைவு. உலகத்தைப் பற்றிய உண்மை அன்று. தூக்கம் கெட்டு, பசி போய், செய்யாத குற்றத்துக்கெல்லாம் தன்னையே நொந்துகொண்டு, தான் எல்லாருக்கும் பாரம் என்று எண்ணும் நிலையில் மனம் வருங்காலத்தைக் காணும் திறனை இழக்கிறது. அபாயம் கூடும் வேளைகளும் உண்டு. முன்பு முயன்று பிழைத்தவர்கள், மதுவில் மூழ்கியவர்கள், பெரிய இழப்பையோ அவமானத்தையோ அப்போதுதான் சந்தித்தவர்கள், தீராத உடல்வலியில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அது அதிகம். மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள், எல்லாம் சரியாகிவிட்டது என்று குடும்பம் நிம்மதி அடையும் அந்த வாரங்கள், மிக அபாயமானவை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். தற்கொலை சமூகப் பிரச்சினை. அதை நோய் என்று சொல்லி வறுமையையும் கடனையும் குடும்ப வன்முறையையும் மூடி மறைக்கலாமா? சமூகவியலாளர் எமில் துர்கைம் 1897இலேயே, தற்கொலை விகிதங்கள் சமூகப் பிணைப்பின் தன்மையைப் பொறுத்து ஏறி இறங்குவதைக் காட்டினார். போர்க்காலத்தில் அவை குறையும் என்றும் அவர் எழுதினார். யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் நடுவே சேகரித்த தரவுகளும் அதையே காட்டின. தமிழகத்துச் சான்றுகளோ இருபுறமும் பேசுகின்றன. சென்னையில் மனநல மருத்துவர்கள் லட்சுமி விஜயகுமாரும் ராஜ்குமாரும் 100 தற்கொலைச் சாவுகளை ஆராய்ந்து 1999இல் வெளியிட்டபோது, இறந்தவர்களில் 88 விழுக்காட்டினருக்கு மனநோய் இருந்ததாகக் கண்டார்கள். கணியம்பாடியில் அதே முறையில் 100 சாவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியானதில் அது 37 விழுக்காடுதான். மதுவுக்கு அடிமையாதலும், வாழ்க்கை நெருக்கடியைத் தாங்க இயலாமையும் அங்கே முன்னின்றன, மனச்சோர்வு நோய் 2 விழுக்காட்டில் மட்டுமே. நகரமும் கிராமமும் வேறு, நோயைக் கணிக்கும் அளவுகோலும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த இரண்டு எண்களையும் ஒருங்கே ஏற்றுக்கொண்டு பார்த்தால், மனச்சோர்வுக்கு மருந்து கொடுப்பது மட்டும் போதாது என்பது புரியும். வறுமை ஒழியும்வரை காத்திருப்பதும் சரியாகாது. அதற்குள் பல்லாயிரம் உயிர்கள் போய்விடும். நோயாளியையும் நெருக்கடியில் சிக்கியவரையும் ஒருசேரக் காக்கும் வழி வேண்டும். இலங்கை கண்டது அதைத்தான்.

பசுமைப் புரட்சி இலங்கையின் வயல்களுக்குப் புதிய நெல் ரகங்களைக் கொண்டுவந்தபோது அவற்றோடு பூச்சிமருந்தும் வந்தது. 1960களிலும் 70களிலும் அது குடிசைக்குள்ளேயே இடம்பிடித்துவிட்டது. கோபத்திலோ மனமுடைந்தோ இருக்கும் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில், முன்பு இல்லாத அளவுக்குக் கொடிய நஞ்சு எப்போதும் இருந்தது. ஜெயரத்தினம் தலைமையிலான மருத்துவ ஆய்வாளர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 1982இல் எழுதிய கட்டுரை இதை எண்களில் வைத்தது: ஆண்டுதோறும் சுமார் 13,000 பேர் பூச்சிமருந்து நச்சேற்றத்தால் இலங்கை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள், 1,000 பேர் இறந்தார்கள், நான்கில் மூன்று பங்கு தற்கொலை முயற்சிகள். அதற்குச் சற்று முன்பே, 1980இல், பூச்சிமருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறி, எந்த மருந்து நாட்டில் விற்கப்படலாம் என்று தீர்மானிக்கும் பதிவாளர் பதவி உருவாகியிருந்தது. அந்த அதிகாரத்தைக் கொண்டு மிக ஆபத்தான இரண்டு மருந்துகள் 1984இல் தடை செய்யப்பட்டன. உலக சுகாதார நிறுவனம் நச்சுத்தன்மையில் முதல் வகுப்பில் வைத்த எஞ்சிய மருந்துகள் 1995இல் விலக்கப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த இன்னொன்று 1998இல் போயிற்று. 2008 முதல் 2011க்குள் மேலும் மூன்று படிப்படியாக விலக்கப்பட்டன. மருத்துவர்கள் மருத்துவமனைச் சாவுகளை ஒவ்வொரு மருந்தின் பெயரிலும் எண்ணிச் சொன்னார்கள். பதிவாளர் அந்த எண்ணைக் கேட்டு நடந்தார்.

நச்சேற்றத்தால் மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் குறையவில்லை. துயரமும் முயற்சியும் இருந்தன. ஆனால் வந்தவர்கள் பிழைத்தார்கள். மருத்துவருக்குச் சிகிச்சை தர நேரம் கிடைத்தது. வட மத்திய இலங்கையில் பிழைத்தவர்களைப் பேட்டி கண்ட ஓர் ஆய்வு, பாதிக்கு மேற்பட்டோர் முடிவுக்கும் செயலுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்று கண்டது. தேர்ந்தெடுக்கவில்லை, திட்டமிடவில்லை, எது கையருகே இருந்ததோ அதுவே விதியைத் தீர்மானித்தது. வேலையின்மை, மது, மணமுறிவு, போர் நடந்த ஆண்டுகள் என ஒவ்வொன்றையும் விகிதத்தின் இறக்கத்தோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வு, இறக்கம் தடைகளோடுதான் பொருந்திவருவதாகக் காட்டியது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். விளைச்சல் சரியும் என்று அஞ்சியவர்களுக்கும் பதில் கிடைத்தது: தடைகளுக்குப் பின் நெல் விளைச்சல் வீழ்ந்ததற்கான சான்று இல்லை.

ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் போவார்கள் என்பதுதான் எப்போதும் சொல்லப்படும் மறுப்பு. பிரிட்டன் இதற்கு ஒரு பதிலைத் தற்செயலாகவே தந்தது. நிலக்கரியிலிருந்து எடுத்த சமையல் எரிவாயு அங்கே நச்சுத்தன்மை கொண்டதாக இருந்தது. 1963இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நேர்ந்த 5,714 தற்கொலைச் சாவுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதனால்தான். செலவு குறைவு என்பதற்காக மட்டுமே நாடு படிப்படியாக நச்சில்லாத எரிவாயுவுக்கு மாறியது. 1975இல் மொத்தச் சாவுகள் 3,693. அதே காலத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளில் தற்கொலை கூடிக்கொண்டிருந்தது. வேறு வழிகள் எல்லாம் திறந்தே இருந்தும், பெரும்பாலோர் அவற்றுக்குத் திரும்பவில்லை. சிலர் திரும்பினார்கள் என்பது உண்மை. இலங்கையிலும் சில வழிகள் ஓரளவு கூடின. ஆனால் மொத்தக் கணக்கில் சாவு பெருமளவு குறைந்தது. இப்போதைக்குத் தள்ளிப்போட்டோம், நாளை செய்வார் என்பாரும் உண்டு. முயன்று பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை என்று காட்டுகின்றன. சாவெண்ணம் உண்மையிலேயே நிலையான முடிவாக இருந்தால் இந்த எண் வந்திருக்காது.

இதே பாதையில் ஒரு தோல்வியும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் வாதம் முழுமை பெறாது. பூச்சிமருந்தை வீட்டில் பூட்டுப் பெட்டியில் வைத்தால் போதுமே என்ற யோசனையை இலங்கையில் 180 கிராமங்களில், 53,000க்கும் மேற்பட்ட வீடுகளில் சோதித்தார்கள். 2017இல் வெளியான முடிவு ஏமாற்றம் தந்தது: பெட்டி பெற்ற கிராமங்களிலும் பெறாத கிராமங்களிலும் முயற்சிகளின் விகிதத்தில் வேறுபாடு இல்லை. சாவியும் அதே வீட்டில்தானே இருக்கிறது, கடையும் பக்கத்தில்தானே இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் லட்சுமி விஜயகுமார் குழுவினர் வேறு வகையாக முயன்றார்கள்: மருந்து வீட்டிலேயே இருக்கக் கூடாது, ஊருக்குப் பொதுவான பாதுகாப்பு அறையில் ஆளுக்கொரு பெட்டியில் இருக்கட்டும் என்று. விவசாயிகள் அதை ஏற்று நடந்தார்கள், பலன் இருப்பதற்கான அறிகுறிகளும் தெரிந்தன. ஆனால் அது நான்கே கிராமங்களில் நடந்த சிறு முயற்சி. கொடிய நஞ்சு சந்தையில் இருக்கும்வரை அதைக் காவல் காக்கும் சுமையைக் குடும்பத்தின் தலையில் கட்டிப் பயன் இல்லை. அதைச் சந்தையிலிருந்தே எடுக்க வேண்டியது அரசின் வேலை.

இடைவெளியின் இன்னொரு வடிவம் மனிதத் துணை. சாட் வரா என்ற இளம் ஆங்கிலிக்கப் பாதிரியார் 1935இல், உடலில் இயல்பாக நேரும் மாற்றத்தை நோய் என்று தவறாக எண்ணி உயிரிழந்த பதின்வயதுச் சிறுமி ஒருத்தியின் இறுதிச் சடங்கை நடத்தினார். பேச ஒருவர் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1953இல் லண்டனில் ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்து சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அந்த வழியில் இலங்கையில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகாவும் தோன்றின. தொண்டர்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் என்ன ஆகும் என்று மருத்துவ உலகம் ஐயுற்றது. பதில் மெல்ல வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, மனச்சோர்வாலோ சாவெண்ணத்தாலோ மருத்துவமனையில் இருந்துவிட்டுத் தொடர்சிகிச்சையை ஏற்காத 843 பேரை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினருக்கு எதையும் கேட்காமல், நலம் விசாரிக்கும் சிறு கடிதங்களை ஐந்தாண்டு வரை அனுப்பினார். கடிதம் பெற்றவர்களிடையே, முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், முயன்று பிழைத்த 1,867 பேரிடம் நடத்திய சோதனை 2008இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நலம் விசாரிப்பும். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தார்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 விழுக்காட்டினர். பெரிய செலவோ புதிய மருந்தோ இல்லாமல், ஓர் உரையாடலும் மறக்காமல் விசாரித்ததும் மட்டுமே பத்தில் ஒன்பது பங்கு சாவைக் குறைத்திருக்கின்றன.

சாவெண்ணத்தைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமே என்ற அச்சம் பல குடும்பங்களில் உண்டு. நல்லெண்ணத்தில் பிறக்கும் அச்சம் அது, ஆனால் ஆதாரமற்றது. நியூயார்க் மாநிலத்தில் 2,300க்கும் மேற்பட்ட பள்ளி மாணவரிடம் நடத்தி 2005இல் வெளியிட்ட சோதனையில், தற்கொலை பற்றி நேராகக் கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையோ சாவெண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது சிறிது ஆறுதலாகவே அமைந்தது. கேட்பவரின் பதற்றமும் புத்திமதியும்தான் பேச்சை அடைக்கும், கேள்வி அடைக்காது. இடைவெளியை அரசு ஆணையாலும் உண்டாக்கலாம் என்பதற்குத் தமிழகத் தேர்வு முறை ஒரு சான்று. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தவறினால் ஓர் ஆண்டு வீண் என்ற நிலை முன்பு இருந்தது. சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு வந்தபின், தேர்வு முடிவு வரும் நாளன்று ஒரு பிள்ளைக்கு எல்லாமே முடிந்துவிட்டதாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. சிநேகா போன்ற அமைப்புகள் இதற்காகத் தொடர்ந்து வாதாடின.

இவ்வளவு தெரிந்த பின்னும் நாம் நிற்கும் இடம் பெருமைக்குரியதாக இல்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மாநிலங்களில் இரண்டாம் இடம். அதே ஆண்டு நவம்பரில் நாட்டின் முதல் தற்கொலைத் தடுப்புத் திட்டம் வெளியாகி, 2030க்குள் பத்து விழுக்காடு குறைப்பதை இலக்காக வைத்தது. இலங்கை பத்தாண்டில் பாதியாகக் குறைத்ததை நினைத்தால் இது மிகச் சிறிய இலக்கு. 2023இன் தொடக்கத்தில் தமிழக அரசு கொடிய நச்சுத்தன்மை கொண்ட ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை விதித்தது. 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டம் மாநில அரசுக்குத் தற்காலிகத் தடை விதிக்கும் அதிகாரத்தை மட்டுமே தருகிறது. நிரந்தரத் தடை ஒன்றிய அரசின் கையில். மருத்துவர் எண்ணிச் சொல்ல, பதிவாளர் கேட்டு நடந்த இலங்கையின் ஏற்பாடு இங்கே இன்னும் உருவாகவில்லை. முயன்று பிழைத்து ஆஸ்பத்திரியை விட்டுப் போகும் ஒவ்வொருவரையும் பதினெட்டு மாதம் விசாரிக்கும் ஏற்பாடும் இல்லை, அது பலன் தரும் என்று சென்னையிலேயே நிறுவப்பட்டிருந்தும்.

அரசிடம் கேட்க வேண்டியவை இவை: கொடிய நஞ்சுகளுக்கு நிரந்தரத் தடை, பிழைத்தவர்களுக்குத் தொடர் விசாரிப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனச்சோர்வுக்குச் சிகிச்சை. வீட்டில் செய்ய வேண்டியவை அதைவிட எளியவை. ஒருவர் சோர்ந்து ஒதுங்கினால், இனி என்ன இருக்கிறது என்று பேசினால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கண்டிக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவர் கையருகே ஆபத்தான எதுவும் இல்லாதபடி பாருங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் கூடவே போங்கள். தேறிவிட்டார் என்று தோன்றிய பிறகும் வாரா வாரம் விசாரியுங்கள். இதைப் படிக்கும் நீங்களே அந்த நிலையில் இருந்தால், இப்போது தோன்றும் எண்ணம் தணியும், நோய்க்குச் சிகிச்சை உண்டு என்பதை நம்பி, இன்றே ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, சென்னை சிநேகா 044 24640050, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் பேச ஆட்கள் இருக்கிறார்கள்.